அவிழாத உருமால்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி, இதை வாசிக்கும் தாங்கள் யாராயினும் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அதன்பின் கற்ற தமிழெல்லாம் வாசகசாலையில் நின்றபடி படித்ததும், மளிகைக் கடைப் பொட்டலங்களைப் பிரித்துப் படித்ததுமே. ஆதலால் நடையில் குறை இருப்பின் பொறுத்தருள்க. சொல்லப்போகும் செய்தியில் குறை இல்லை. அதில் பாதி என் கண்ணால் கண்டது. மீதிப் பாதி, பொய் சொல்லத் தெரியாத என் அத்தை சொன்னது.

ஐம்பதுகளின் கடைசியில் என் தந்தையார் கோயமுத்தூர்த் தீயணைப்பு நிலையத்தில் பணியாற்றினார். இன்று அப்பணியிலிருப்போரைத் தீயணைப்பு வீரர் என்று எழுதுகிறார்கள். அக்காலத்தில் ஊரார் ‘பயர் வண்டிக்காரர்’ என்றார்கள். தந்தையார் அதற்காக வருந்தியதாக எனக்கு நினைவில்லை.

நிலையத்துக்குப் பின்னால் ஓட்டு வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. ஐந்தாவது வீடு எங்களுடையது. நிலையத்து மணி அடித்தால், எங்கள் வாசலுக்கும் வண்டிக் கொட்டகைக்கும் இடையே எதுவும் இருக்கக் கூடாது என்பது அந்த வரிசையின் சட்டம். குடம் கூடாது, கயிற்றுக் கட்டில் கூடாது, பாண்டி ஆடும் பிள்ளைகளும் கூடாது. தந்தையாரின் பூட்ஸ் எப்போதும் வாசலைப் பார்த்தபடியே நிற்கும். பணி நாட்களில் என் தங்கையை அவர் தூக்கினால் ஒற்றைக் கையால்தான் தூக்குவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“எறக்கி உட ஒரு கை, ஓட ஒரு கை வேணுமில்ல கண்ணு?” என்றார்.

ஓடுவதற்குக் கை எதற்கு என்று திருப்பிக் கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

இப்படி இருந்ததால் எங்கள் வீட்டில் பல காரியங்கள் பாதியிலேயே நிற்கும். ஒருநாள் நாவிதர் தந்தையாரின் ஒரு கன்னத்தை மழித்து முடித்த வேளையில் மணி அடித்தது. அவர் நுரை காயாத முகத்தோடு மரக்கடைத் தீ ஒன்றுக்குப் போய்விட்டு, மாலையில் வந்து மறு கன்னத்தைக் காட்டினார். எனக்குச் சொல்லத் தொடங்கிய நரிக்கதையில், அந்த நரி கிணற்றுக்குள் விழுந்து மூன்று வருடமாகியும் கரையேறவில்லை. சாப்பாட்டின் நடுவே அவர் எழுந்து ஓடினால் தாயார் அந்த வட்டலைக் கழுவ மாட்டார். வட்டல் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது சாப்பிடும் தட்டை. அதன்மேல் ஒரு முறத்தைக் கவிழ்த்து மூடிவைப்பார். வரிசையிலிருந்த பெண்கள் எல்லோரும் அப்படியே செய்தார்கள். போனவர் திரும்பி வந்து, முறத்தை எடுத்து, மீதிச் சோற்றை உண்டால்தான் அன்றைய தீ அணைந்ததாக அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை.

தந்தையாருக்கு ஒரே தங்கை. கருமத்தம்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூரில் அந்த அத்தை வாழ்க்கைப்பட்டிருந்தார். எங்கள் பக்கத்துத் திருமணங்களில் கைகோர்வை என்று ஒரு சீர் உண்டு. பெண்ணின் உடன்பிறந்தான் மாப்பிள்ளைக்கு எதிரே அமர்ந்து அவரோடு கைகோர்க்க வேண்டும். அத்தையின் திருமணத்தில் அந்த வேளை வந்தபோது, தந்தையார் பீளமேட்டில் எரிந்துகொண்டிருந்த ஒரு பஞ்சுக் கிடங்கின் கூரைமேல் இருந்தார். அவர் இடத்தில் அவருடைய பெரியப்பா மகன் அமர்ந்து கைகோர்த்தார்.

அதிலிருந்து அத்தையின் மாமியார் ஒரு நோம்பி, ஒரு பண்டிகை தவறாமல் அதைச் சொல்லிக் காட்டுவார். “எங்கூட்டு மருமவளுக்கு அண்ணன் ரெண்டு பேருங்க. கூடப் பொறந்த அண்ணன் ஒருத்தரு, கைகோத்த அண்ணன் ஒருத்தரு. ரெண்டாமவரு சொன்னாச் சொன்ன நேரத்துக்கு வந்துருவாரு.”

அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டார்.

அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு இரண்டு வயது ஆனபோது காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். மாமியார் அம்மையார் நாள் குறித்த கையோடு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். “இந்தத் தடவையும் அண்ணன் வரலீன்னா பெரியப்பம் பையன் மடியிலெ ஒக்கார வெச்சுப்போடுவோமுங்க. காதுகுத்துக்கு ஒக்காந்த மடிதான் நாளைக்கு எல்லாச் சீருக்கும். அப்பறம் வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது.”

இதன் பொருள் பத்து வயதுப் பெண்ணான எனக்கே தெரிந்தது. அந்தக் குழந்தை பெரியவளாகும்போதும், அதற்குத் திருமணம் ஆகும்போதும், தாய்மாமன் என்ற இடம் தந்தையாருக்கு இராது. உயிரோடிருக்கும் அண்ணனுக்கு இதைவிடத் தலைகுனிவு எங்கள் பக்கத்தில் கிடையாது. அத்தைக்கோ பிறந்த வீடு இருந்தும் இல்லாமற் போகும்.

அது மாசி மாதம். பருத்தி வந்து குவியும் காலம். விடுப்புக் கேட்பதற்கு அதைவிடக் கெட்ட மாதம் இல்லை. நிலைய ஆபீசர் வடக்கத்தி ஜில்லாக்காரர், கண்டிப்பானவர். தந்தையாரை நெடுநேரம் நிற்க வைத்துவிட்டுக் கடைசியில் ஒரு சீட்டில் கையெழுத்திட்டார்.

“ஒரே நாள்தான்யா. அன்னிக்கு வண்டி கெளம்புனா ஆறு பேரு போற எடத்துல அஞ்சு பேருதான் போவாங்க. அதை மட்டும் மறந்துடாதே” என்றாராம்.

தாயார் அந்தச் சீட்டை வாங்கி, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

அன்று காலை அவிநாசி சாலையில் பஸ் ஏறினோம். தந்தையார் சரிகை வேட்டி உடுத்தி, தடித்த துண்டு ஒன்றைத் தோளில் போட்டிருந்தார். தங்கையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தார். சன்னலுக்கு வெளியே ஆலைகளும் சோளக்காடுகளும் போயின. நான் அவற்றைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அத்தை வீட்டாரின் குலதெய்வக் கோயில் பெருஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பனைமரங்களுக்கு நடுவே இருந்தது. பக்கத்தில் அவர்களுடைய பெரிய கிணறு. பந்தலுக்குள் நாங்கள் சீர்த்தட்டுகளோடு நுழைந்ததும் அத்தை ஓடிவந்தார். தந்தையாரின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார், உண்மையாகவே வந்துவிட்டாரா என்று சோதிப்பவரைப் போல.

மாமியார் அம்மையார் நின்ற இடத்திலிருந்தே வரவேற்றார். “வந்துட்டீங்களா தம்பி? நெருப்பு வெச்சுத்தான் உங்களக் கூப்பிடோணுமோன்னு பேசிட்டிருந்தோமுங்க.”

பந்தலே சிரித்தது. தந்தையாரும் சிரித்தார்.

சீர்களை முன்னின்று நடத்தும் மூத்தவரை எங்கள் பக்கத்தில் அருமைக்காரர் என்பார்கள். அவர் தந்தையாரை மணையில் அமர்த்தி, தலையில் உருமால் கட்டினார். உருமால் என்பது சீருக்கென்று கட்டும் தலைப்பாகை. அத்தை வீட்டார் வகையறாவில் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கட்டியவர் சீர் முடியும்வரை அதை அவிழ்க்கலாகாது. இடையில் அவிழ்த்தால், தாய்மாமன் உரிமையைத் தாமே இறக்கிவைத்துவிட்டார் என்று பொருள். பெரியப்பா மகனும் அங்கே வந்து, ஒரு பனைமரத்தடியில் கூச்சத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

குழந்தையைத் தந்தையாரின் மடியில் உட்கார்த்தினார்கள். அப்போது கிழக்கே, தென்னந்தோப்புகளுக்கு அப்பால், புகை எழுவதை யாரோ காட்டினார்கள்.

“கரும்புச் சோகைக்குத் தீ வெச்சிருப்பாங்க” என்றார் ஒருவர்.

தந்தையார் தலையைத் திருப்பவில்லை. ஆனால் மூக்கு விரிந்ததை நான் கண்டேன். தாயாரும் கண்டார். “அது சோகையில்லீங்க. பஞ்சு” என்று தந்தையார் மெல்லச் சொன்னார். பந்தலில் அது எவர் காதிலும் விழவில்லை.

ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்து, குழந்தையின் இடது காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. மேளம் முழங்கியது. அந்த இரைச்சலுக்குள்ளும் எனக்கு ஓர் ஒலி கேட்டது. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து பெருஞ்சாலையில் வந்துகொண்டிருந்தது எங்கள் நிலையத்து வண்டியின் மணி. அந்த வரிசையில் வளர்ந்தவர்களுக்கு ஆயிரம் மணிகளுக்கு நடுவிலும் அது தனித்துக் கேட்கும்.

தந்தையார் தாயாரை நிமிர்ந்து பார்த்தார். “அஞ்சு பேருதாம் போறாங்க” என்றார்.

ஐயா, அம்மணி, என் தாயாரின் வாழ்க்கையில் நான் மிகவும் பெருமைப்படுவது அடுத்து அவர் செய்த காரியத்தை எண்ணித்தான். போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. குனிந்து, அழுதுகொண்டிருந்த குழந்தையை அவர் மடியிலிருந்து தூக்கித் தம் இடுப்பில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். தந்தையார் எழுந்து ஓடினார்.

“அய்யோ, ஒத்தக் காதோட உட்டுப்போட்டுப் போறாரே! அடுக்குமாங்க இது?” என்று மாமியார் அம்மையார் கூவினார். மேளம் நின்றுபோயிற்று. அத்தை பந்தல் வாசல்வரை ஓடி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

“அண்ணா! உருமால மட்டும் அவுத்துப்போடாதீங்ணா!”

தந்தையார் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை உயர்த்தி ஆட்டினார்.

நான் அவர் பின்னாலேயே ஓடினேன். அவர் சாலையோரம் நின்று துண்டைச் சுழற்றிச் சுழற்றி வீசினார். வண்டி வேகம் குறைத்தது, ஆனால் நிற்கவில்லை. சரிகை வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துத் தாவினார். உள்ளிருந்த இருவர் அவரை வாரி இழுத்துக்கொண்டார்கள். அந்தத் தாவலில் துண்டு கைநழுவிச் சாலையில் விழுந்தது. நான் அதை எடுத்துப் புழுதியைத் தட்டி, நான்காக மடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு பந்தலுக்குத் திரும்பினேன். தந்தையாரின் உடைமை ஒன்றைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு மிகுந்த பெருமை.

பந்தலில் வழக்கு தொடங்கியிருந்தது. பெரியப்பா மகனை உட்காரவைத்து மறு காதைக் குத்திவிட வேண்டும் என்றார் மாமியார் அம்மையார். அந்த மனிதரோ நல்லவர். “எனக்கென்னுங்க, ஒக்காருன்னா ஒக்காந்துக்கறேன். ஆனா அவரு வந்து கேட்டா நான் என்ன சொல்றதுங்க?” என்று பனைமரத்தை விட்டு நகராமலே சொன்னார்.

அருமைக்காரர் வெற்றிலையை மென்று துப்பினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். “ஒரு சீருக்கு ரெண்டு உருமால் கெடையாதுங்க. கட்டுன உருமால் தலையிலெ இருக்கற வரைக்கும் அந்த மடி அவருதுதான். பொழுது எறங்கறதுக்குள்ள உருமாலோட வந்தாருன்னா மறுகாது குத்தலாம். வெறுந்தலையோட வந்தாருன்னா பெரியப்பம் பையன் ஒக்காரட்டும்.”

“நெருப்புக்குள்ள போறவரு தலையிலெ துணி நிக்குமாங்க?” என்றார் மாமியார் அம்மையார்.

சீர் முடியாமல் பந்தி போடக் கூடாது. குண்டான்களில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒறம்பரைகள், அதாவது விருந்துக்கு வந்த உறவினர்கள், புகையையும் குண்டான்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “ஒத்தக் காது ஆயிப்போச்சில்லீங்க, அரைச் சோறாவது போடுங்கம்மா” என்று ஒருவர் கெஞ்சினார். அத்தை மட்டும் சாலையைப் பார்த்தபடி நின்றார். குழந்தை ஒற்றைக் கம்மலோடு அவர் தோளில் தூங்கிப்போயிற்று.

தாயார் சமையல் நடக்கும் இடத்துக்குப் போய் ஒரு முறத்தைக் கேட்டு வாங்கி வந்தார். தந்தையார் அமர்ந்திருந்த மணையின்மேல் அதைக் கவிழ்த்து வைத்தார். பிறகு பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் விலையையும், நிலையத்து வீடுகளில் குழாயில் தண்ணீர் வராத கதையையும் சிரித்துச் சிரித்துப் பேசினார். மணைமேல் எதற்கு முறம் என்று இரண்டு பேர் கேட்டார்கள். “புழுதி படியாம இருக்கட்டுமுங்க” என்றார். எனக்கு மட்டும் அது என்னவென்று தெரியும்.

பொழுது பனைமரத் தலைக்குக் கீழே இறங்கியது. அருமைக்காரர் எழுந்து தம் தோள்துண்டை உதறினார். அப்போது கிழக்கிலிருந்து மணி கேட்டது.

வண்டி சாலையை விட்டு இறங்கி, காட்டுத் தடத்தில் குலுங்கிக் குலுங்கி நேரே கிணற்றடிக்கு வந்து நின்றது. பக்கவாட்டில் ஓர் ஆள் தொற்றிக்கொண்டு வந்தார். முகம் கரி. வேட்டியில் ஒரு முனையே இல்லை. காலில் யாருடைய பூட்ஸோ. தலையில், நனைந்து கறுத்துப்போன உருமால்.

“உருமால் இருக்குது! உருமால் இருக்குது!” என்று நான் கத்தியது எனக்கு இன்றும் கேட்கிறது.

அருமைக்காரர் நடந்துபோய், தந்தையாரைக் குனியச் சொல்லி, பின்பக்கத்து முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

“நாங்கட்டுன முடிச்சுத்தானுங்க” என்றார்.

ஆபீசர் வண்டியிலிருந்து இறங்கி மாமியார் அம்மையாரைக் கும்பிட்டார். “தண்ணித் தொட்டி காலியாயிடுச்சும்மா. ரொப்பாம வண்டியை நெலையத்துக்குக் கொண்டுபோகக் கூடாதுங்கறது சட்டம். உங்க கெணத்துலதான் எடுக்கணும். தொட்டி ரொம்பற வரைக்கும் நேரம். அதுக்குள்ள காதோ மூக்கோ குத்திக்கோங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “பருத்தி அரைக்கற ஆலை. உள்ள மூணு பொம்பளைங்க மாட்டிக்கிட்டாங்க. மூணு பேரையும் இவன்தான் வெளிய கொண்டாந்தான். தொப்பி குடுத்தா வெச்சுக்க மாட்டேங்கறான், தலைப்பாக்கட்டோடவே நின்னான்” என்றார். அது கோபமா பெருமையா என்று பிரித்தறிய முடியவில்லை.

உறிஞ்சு குழாயைக் கிணற்றில் இறக்கினார்கள். தாயார் மணைமேலிருந்த முறத்தை எடுத்தார். தந்தையார் அமர்ந்தார். கரி முகத்தைக் கண்டு குழந்தை அலறியது. அவர் அதை முழங்கைகளுக்கு இடையே அணைத்துப் பிடித்தார். உள்ளங்கைகள் இரண்டும் மேல்நோக்கித் திறந்திருந்தன, கோயிலில் திருநீறு வாங்கக் காத்திருப்பவர் கைகளைப் போல. பட்டுப் பாவாடையில் கரி ஒட்டிவிடக் கூடாதென்று அப்படிப் பிடித்திருக்கிறார் என நான் எண்ணினேன். எவ்வளவு பதவிசான மனிதர் என் தந்தையார் என்றும் எண்ணினேன்.

ஆசாரி கம்பியை எடுத்தார். ஆபீசர் என்ன நினைத்தாரோ, வண்டியிலிருந்த ஆளுக்குக் கையைக் காட்டினார். அந்த ஆள் மணியை அடித்தார். குழந்தை வாயைப் பிளந்து வண்டியைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கணத்தில் மறு காதும் குத்தியாயிற்று. அதுவரையில் அந்த மணி எங்கள் வீட்டிலிருந்து ஆளைக் கொண்டுபோவதற்கே அடித்திருக்கிறது. ஒரு சீருக்கு அடித்தது அன்று ஒருநாள்தான்.

தந்தையாருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த அத்தை, மடியைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். “காது குத்துனது கொழந்தைக்கு. நீயேன் அம்மணி இந்த அழுவை அழுவறே?” என்று மாமியார் அம்மையாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

உடனே பந்தி போட்டார்கள். நிலையத்து ஆட்கள் வண்டியருகே நின்றபடியே சாப்பிட்டார்கள். தந்தையாரின் இலைமுன் தாயார் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, அவர் வாயில் ஊட்டினார். ஐயா, அத்தனை ஒறம்பரைகளுக்கு நடுவே, அந்தக் காலத்தில், ஒரு பெண் தன் கணவருக்குச் சோறு ஊட்டுவது எப்படிப்பட்ட செய்தி என்பது இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது.

“ஏனுங்க தம்பி, காது குத்துனது உங்களுக்கா, கொழந்தைக்கா? ஊட்டி உடறாங்க?” என்றார் மாமியார் அம்மையார்.

“கையெல்லாம் கரியா இருக்குதுங்க” என்றார் தாயார், தலையை நிமிர்த்தாமல்.

“கெணத்துலதான் தண்ணி கெடக்குதே!” என்று ஒரு பெண் சொல்ல, பந்தல் முழுதும் சிரிப்பு. எனக்கு வெட்கம் தாங்கவில்லை. இலையை விட்டு எழுந்து பனைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தொட்டி நிறைந்ததும் தந்தையார் வண்டியிலேயே ஏறிப் போனார். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம்.

வீட்டில் அவருடைய இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருந்தது. “குழாய் இழுத்ததுலெ ஒரசிப்போச்சு கண்ணு” என்றார். பத்து நாட்கள் வேலைக்குப் போகவில்லை. நான் எடுத்துவந்த துண்டை மடியில் விரித்து, அதன்மேல் கைகளை வைத்துக்கொண்டு நாள் முழுதும் எங்களோடு இருந்தார். மூன்று வருடமாகக் கிணற்றில் கிடந்த நரி அந்த வாரம் கரையேறியது. தாயார் வேளைதோறும் ஊட்டினார். என் பெற்றோருக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது என்று மட்டும் கருதினேன். மற்றபடி, குழாய் மாதம் ஒருமுறை உரசினால் எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு நல்லது என்று தங்கையிடம் சொன்னேன்.

ஆண்டுகள் சென்றன. அந்தக் குழந்தை வளர்ந்து அதற்குத் திருமணம் நடந்தது. ஓய்வு பெற்றுவிட்ட தந்தையார் தாய்மாமன் சீர்கள் அனைத்தையும் முதலிலிருந்து கடைசிவரை ஒன்று பாக்கியில்லாமல் செய்தார். அன்று பிற்பகல் அத்தை என்னைத் தனியே அழைத்து உட்காரவைத்தார்.

“உங்கப்பன் கையி எப்படி வெந்துதுன்னு உனக்குத் தெரியுமா?”

குழாய் உரசியது என்றேன்.

“குழாயி!” என்றார் அத்தை.

பிறகு சொன்னார். பஞ்சு ஆயும் பெண்கள் மூவர் பின்கட்டு அறையில் அடைபட்டிருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் முன்பக்கம் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தார்கள். அதை விட்டால் கூரை விழும். கை ஒழிந்திருந்தது ஆறாவது ஆளுக்கு மட்டும்தான். அறைக்கதவின் வெளிப்பக்க இரும்புத் தாழ்ப்பாள் தீயில் சிவந்து பழுத்துப்போயிருந்தது. கையில் சுற்றிக்கொள்ளத் துணி வேண்டும். வேட்டி முனையைக் கிழித்துச் சுற்றினார். மெல்லிய வேட்டி, தொட்டவுடன் பொசுங்கியது. தடித்த துணி இரண்டுதான் உண்டு. துண்டு என் கையில் இருந்தது. உருமால் அவர் தலையில் இருந்தது.

அவர் வெறுங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளினார்.

“ஆபீசரு கெணத்தடியிலெ உன்ற அம்மாகிட்டச் சொல்லிருக்காரு. ரத்தங்கசியற கையோட சீருன்னா எங்க மாமியா ஒத்துக்குவாங்களா? அதுதான் மூச்சு உடாம ஊட்டி உட்டாங்க உன்ற அம்மா. நான் பக்கத்துலெ ஒக்காந்து அந்தக் கையப் பாத்துட்டேன், கண்ணு. அவுக்காதீங்கன்னு கத்துனது நாந்தானே” என்று சொல்லி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “கைகோக்க வரலீன்னு எத்தன வருசம் மனசுலெ வெச்சிருந்தேன் நான்.”

அன்று மணமேடையருகே தந்தையார் நின்றுகொண்டிருந்தார். நான் போய் அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். ரேகைகளே இல்லாமல், வழவழவென்று, கண்ணாடிபோல் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை சாலையைக் கடந்திருக்கிறேன். எல்லாத் தந்தையரின் கைகளும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

தாயாரின் பெட்டியில் இருந்த விடுப்புச் சீட்டு இப்போது என்னிடம் உள்ளது. அந்த நாளில் அவர் பணியில் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. விடுப்பில் இருந்தவரை வேட்டியோடு தீக்குள் விட்டதற்கு ஆபீசர் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதால், நிலையத்து ஏட்டில் ஐந்து பேர் சென்று திரும்பியதாகவே பதிந்தார்களாம். தந்தையார் கேட்டுக்கொண்டதும் அதுவே. ஆகவே ஆறாவதாக ஓர் ஆள் இருந்தார் என்பதற்கு நான் எழுதிய இந்தத் தாள்களைத் தவிர வேறு எழுத்து எங்கும் கிடையாது.

ஐயா, அம்மணி, இவற்றைத் தாங்கள் எடுத்து வைத்திருக்க வேண்டுகிறேன்.